மூன்றாம் ஆள் யார்?

இன்றைக்குப் பதிவு நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அப்பா 1991ல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர். இப்போது 44 வயது. ரெண்டு கறவை மாடு, கொஞ்சம் தோட்டம். காலையில் எக்ஸ்எல் வண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் போனவரை, ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் பின்னாலிருந்து இடித்துவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கி, கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாளே லாரி தரப்பில் ஒருவர் வந்து 40,000 ரூபாயும் ஒரு வெற்று பத்திரமும் நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் பணம் இப்போதே, கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் என்று சொன்னாராம்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்: "டீச்சர், லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்காம். ஆனா அது லாரிக்காரங்களுக்குத்தானே? நமக்கு எப்படி வரும்?"

டிகிரி முடித்து, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண் அவள். அவளே இப்படிக் கேட்டால் மற்றவர்கள் கதி என்ன? நான் இடைநிலை ஆசிரியைப் பயிற்சி முடித்தவள், வக்கீல் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் இந்த ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் இருந்ததால், கோர்ட் வாசலில் உட்கார்ந்த அனுபவம் எனக்கு நிறைய. அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டதும் பிறகு படித்ததும் இங்கே எழுதுகிறேன்.

இலக்கண வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். இன்சூரன்ஸிலும் இதேதான். லாரி ஓனர் முதல் ஆள். கம்பெனி இரண்டாம் ஆள். இவர்கள் இருவரும் பேசிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இல்லாத, ஆனால் அந்த லாரியால் அடிபடக்கூடிய 'அவன்' மூன்றாம் ஆள். அதுதான் 'தேர்டு பார்ட்டி'. லாரிக்காரர் கட்டாயமாகக் கட்டவேண்டிய இன்சூரன்ஸ் இந்தப் படர்க்கைக்காரனுக்குத்தான். லாரியின் பம்பர் வளைந்தால் சரிசெய்ய வேறு பாலிசி உண்டு, அது அவர் விருப்பம்.

சரி, இந்த மூன்றாம் ஆள் எப்போது சட்டத்துக்குள் வந்தான்?

வெள்ளைக்காரன் காலத்தில் 1855லேயே ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் தப்பால் இன்னொருவன் செத்தால், செத்தவன் குடும்பம் சிவில் கோர்ட்டில் கேஸ் போடலாம். போடலாம்தான். கோர்ட் கட்டணம் கட்டி, சாட்சி கொண்டுவந்து, ஜெயித்து, அப்புறம் லாரிக்காரரிடம் பணம் இல்லை என்றால் தீர்ப்பை வீட்டில் மாட்டிவைத்துக்கொள்ளலாம். 1939ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1930ல் வந்த சட்டத்தைப் பார்த்து, வண்டி வைத்திருப்பவர் எல்லாரும் மூன்றாம் ஆளுக்காக இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1946 ஜூலை 1 அன்றுதான் வந்தது. மற்ற பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அடிபட்டவனுக்கான பக்கம் ஏழு வருஷம் காத்திருந்தது.

வந்ததும் ஓர் உச்சவரம்போடு வந்தது. சரக்கு லாரி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கவேண்டியது மொத்தமாக 20,000 ரூபாய்வரை. 'மொத்தமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு லாரி பத்துப் பேர்மேல் ஏறினாலும் அதே 20,000. இந்த வரம்பு 1969 திருத்தத்தில் 50,000 ஆனது. 1982ல் ஒன்றரை லட்சம். 1988 சட்டத்தில்தான், அதாவது 1989 ஜூலை 1 முதல், சாவுக்கும் காயத்துக்கும் வரம்பே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். சொத்துச் சேதத்துக்கு மட்டும் 6,000 என்று வைத்தார்கள்.

அந்த 20,000 விஷயத்தில் ஒரு வழக்கு எனக்குப் பிடிக்கும். 1966ல் குஜராத்தில் ஒரு சரக்கு லாரியும் காரும் மோதின. பாதிக்கப்பட்டவர்கள் ஒருவருக்கு மேல். கம்பெனி, "எத்தனை பேரானாலும் ஒரு விபத்துக்கு 20,000தான்" என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1981ல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட் (அப்பா சந்திரசூட், அண்மையில் ஓய்வு பெற்றவர் மகன்) சொன்னதன் சாரம் இது: லாரிக்காரர் பார்வையில் அது ஒரு விபத்து. ஆனால் அடிபட்டவர் ஒவ்வொருவருக்கும் நேர்ந்தது அவரவர் விபத்து. ஆகவே ஆளுக்கு 20,000. விபத்து நடந்து பதினைந்து வருஷம் கழித்து 'ஒரு' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்தது.

நடுவில் 1956ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் வைக்க வழி செய்தார்கள். இன்று நாம் 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்கிறோமே, அதன் தொடக்கம் அது. சிவில் கோர்ட்டு அளவுக்குக் கட்டணம் கட்டவேண்டாம். ஆனாலும் ஓட்டினவன்மேல் தப்பு என்று நிரூபித்தாக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மலைச்சரிவில் லாரி இடித்துவிட்டுப் போனால் யார் சாட்சி சொல்வது? 1977ல் உச்ச நீதிமன்றமே தப்பு நிரூபிக்காமல் இழப்பீடு கிடையாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு 1982ல்தான் பாராளுமன்றம், தப்பு யார்மேல் என்று பார்க்காமலே இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 என்று கொடுக்கச் சட்டம் போட்டது. அந்தத் தொகை பிறகு 25,000, 12,000 ஆகி, 1994ல் 50,000, 25,000 ஆனது.

இதெல்லாம் டில்லியில் நடந்துகொண்டிருந்தபோது நம்ம ஊர்ப் பக்கம் என்ன நடந்தது? ஓசூரில் சிப்காட் வந்தது. 1980ல் அசோக் லேலண்டு லாரி செய்ய ஆரம்பித்தது. அதே வருஷம் டிவிஎஸ் 50ம் ஓசூரிலிருந்துதான் வெளியே வந்தது. ஒரே ஊரில் லாரியும் செய்தார்கள், அதில் அடிபடப்போகும் சின்ன வண்டியும் செய்தார்கள் என்று எங்கள் தலைமையாசிரியர் வேடிக்கையாகச் சொல்வார். அப்போது எல்லாரும் சிரித்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1986 என்று நினைக்கிறேன், பக்கத்துக் கொட்டாயிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு லாரியில் போனார்கள். பஸ் வசதி எங்கே இருந்தது? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் லாரி பிடித்து, வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டு, பொம்பளைகளும் குழந்தைகளும் நாற்பது பேர் ஏறினார்கள். திரும்பி வரும்போது ஒரு வளைவில் கவிழ்ந்தது. என் ரெண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று போய்விட்டது. அதன் அம்மாவுக்கு இடது கை முழங்கையோடு போயிற்று. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் ஒரு வாரம் காலியாக விட்டிருந்தேன்.

அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பாலிசி நடப்பில்தான் இருந்தது. ஆனால் கம்பெனி தரப்பில் சொன்னார்கள்: இது சரக்கு வண்டி. சரக்கு ஏற்றத்தான் பாலிசி. மனிதரை ஏற்றினால் அது எங்கள் பொறுப்பு இல்லை. அன்றைய சட்டப்படி அது சரிதான். வண்டியில் வேலை செய்கிற கூலிக்காரருக்கு ஓரளவு உண்டு. கல்யாணத்துக்குப் போனவருக்குக் கிடையாது. லாரி ஓனர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. ஓனர் ஒற்றை லாரி வைத்துப் பிழைத்தவர். அந்த லாரியையும் ஃபைனான்ஸ்காரர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தீர்ப்பு நகலை அந்த அம்மா பல வருஷம் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

இதே லாரி ரோட்டில் நடந்து போகிறவர்மேல் கவிழ்ந்திருந்தால் அவர் மூன்றாம் ஆள், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. லாரிக்கு மேலே உட்கார்ந்திருந்தால் அவர் மூன்றாம் ஆள் இல்லை. அடிபட்டவர் எங்கே நின்றார் என்பதை வைத்து அவர் யார் என்பதே மாறிப்போகிறது. எனக்கு அன்று முதல் இது ஆறவே இல்லை.

1988 சட்டம் வந்தபின் மறுபடியும் இந்தக் கேள்வி கிளம்பியது. 1999ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், புதுச் சட்டத்தில் 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது, ஆகவே சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கும் கம்பெனி கொடுக்கவேண்டும் என்றது. மூன்றே வருஷம். 2002 டிசம்பரில் பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டது. சரக்கு வண்டியில் சும்மா ஏறியவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் 1994 திருத்தம். அந்தத் திருத்தத்தில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வண்டியில் வந்தால் அவர்களுக்கும் காப்பீடு உண்டு என்று தனியாகச் சேர்த்திருந்தார்கள். தனியாகச் சேர்க்கவேண்டி வந்தது என்றாலே மற்றவர் யாரும் உள்ளே இல்லை என்றுதானே பொருள் என்று கேட்டார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு அது நுட்பமான வாதம். நம்ம ஊரில் அது எப்படி இறங்கியது என்று சொல்கிறேன். 2003 மழைக்காலம். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ போனது. என் பழைய மாணவர் ஒருவர் தன் இருபது கிரேட் தக்காளியோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு பாட்டி கை காட்டி ஏறிக்கொண்டார். மகள் வீட்டுக்குப் போக பஸ் வரவில்லை. டிரைவரும் தெரிந்த பையன்தான், "ஏறிக்கோ அவ்வா" என்றிருக்கிறான். எதிரே வந்த மாட்டைத் தவிர்க்க ஒடித்ததில் டெம்போ பள்ளத்தில் இறங்கிவிட்டது. இருவருக்கும் இடுப்பு எலும்பு. ஒரே ஆஸ்பத்திரி, ஆண் வார்டு ஒரு பக்கம், பெண் வார்டு ஒரு பக்கம்.

கேஸ் நடந்தது. என் மாணவரிடம் அந்தத் தக்காளி அவருடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவருடைய அம்மா, மண்டிக்காரர் முந்தைய வாரங்களில் கொடுத்த சீட்டுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்தார். அதுதான் காப்பாற்றியது. சரக்கின் சொந்தக்காரர் என்று நிரூபணமானது, கம்பெனி கொடுத்தது. பாட்டிக்குக் கம்பெனியிடமிருந்து ஒன்றுமில்லை. டெம்போ ஓனர் கொஞ்சம் கொடுத்தார், அவரும் நல்ல மனிதர், ஆனால் அவரிடம் இருந்ததுதானே வரும். அந்த விபத்து ஒரு வருஷம் முன்னால் நடந்து, கேஸும் உடனே முடிந்திருந்தால், 1999 தீர்ப்பின்படி பாட்டிக்கும் கிடைத்திருக்கும். 2004ல் வேறொரு வழக்கில், இந்த மாதிரி நிலுவையில் இருந்தவர்களுக்கு முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாட்டி அதுவரை இருக்கவில்லை.

ஆகவே, ரோஜா ஏற்றிக்கொண்டும் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டும் குட்டி யானையில் போகிற என் பிள்ளைகளே, மண்டிச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அப்படியே, பக்கத்து வீட்டு அக்கா "என்னையும் இறக்கி விடுப்பா" என்றால், ஏற்றிக்கொள்வது உதவி என்று நினைத்து ஏற்றாதீர்கள். எனக்கு இப்படி எழுதவே கூசுகிறது. கிராமத்தில் கை காட்டினால் நிறுத்துவதுதான் நாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

டிரைவர் லைசென்ஸ் சமாச்சாரமும் இப்படித்தான். குஜராத்தில் ஒரு லாரி டிரைவர் எதிர்க்கடையில் தின்பண்டம் வாங்க இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் போனார். கிளீனர் பையன் வண்டியை நகர்த்தினான். ஓர் உயிர் போனது. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியதால் பாலிசி செல்லாது என்றது கம்பெனி. 1987ல் உச்ச நீதிமன்றம், ஓனர் லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் வைத்தார், அவர் தன் கடமையைச் செய்திருக்கிறார், கம்பெனி தப்பிக்க முடியாது என்றது. 2004ல் இதை இன்னும் விரித்து, லைசென்ஸ் போலியாக இருந்தாலும் ஓனருக்கு அது தெரியாது என்றால் கம்பெனி பொறுப்புதான். அப்படியே ஓனர்மேல் தப்பு இருந்தாலும் முதலில் அடிபட்டவருக்குக் கொடு, பிறகு ஓனரிடம் வாங்கிக்கொள் என்று வழிகாட்டியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதி அமர்வு, கார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று தீர்த்துவைத்தது. நம்ம பக்கம் குட்டி யானை வைத்துப் பிழைக்கிற பாதிப் பேருக்கு இதனால் நிம்மதி. இத்தனை சண்டையிலும் பாருங்கள், கம்பெனியும் ஓனரும் யார் கொடுப்பது என்று அடித்துக்கொள்ள, மூன்றாம் ஆள் கட்டிலில் காத்திருப்பார்.

இன்னொரு சங்கடம் நமக்கென்றே உள்ளது. எல்லை. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். பழைய சட்டப்படி விபத்து எங்கே நடந்ததோ அந்த ஊர்த் தீர்ப்பாயத்தில்தான் மனு கொடுக்கவேண்டும். 1989ல் என் மாணவன் ஒருவனின் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் லாரியில் அடிபட்டு முதுகுத்தண்டு போய்ப் படுத்துவிட்டார். அந்த அம்மாவுக்குத் துணையாக நான் அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் பல முறை போயிருக்கிறேன். விடியற்காலை டவுன் பஸ் பிடித்து ஓசூர், அங்கிருந்து கர்நாடக பஸ். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத்து வராது. காகிதமெல்லாம் கன்னடத்தில். அங்கே ஒரு டீக்கடைக்காரர் படித்துச் சொல்வார், நான் தமிழில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுப்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், எனக்கு ஒரு தற்செயல் விடுப்பு போகும். கடைசியில் களைத்துப்போய், வந்த தொகைக்குச் சமாதானமாகிவிட்டார்கள். எவ்வளவு என்று எழுத மனம் வரவில்லை.

1994 திருத்தம் இதை மாற்றியது. அடிபட்டவர் வசிக்கிற இடத்திலும் மனு கொடுக்கலாம், விபத்து நடந்த இடத்திலும் கொடுக்கலாம், எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலும் கொடுக்கலாம். கேஏ நம்பர் லாரி சூளகிரியில் இடித்தாலும் சரி, டிஎன் நம்பர் லாரி ஆனேக்கல்லில் இடித்தாலும் சரி, நாம் நம்ம பக்கத்துத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். ஒரு வரி திருத்தம். அந்த அம்மாவுக்கு அது ஐந்து வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

இப்போது அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வருவோம். 40,000 நியாயமா இல்லையா? கணக்கு வாத்தியார் மாதிரி பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

காயத்துக்கு இழப்பீடு கணக்கிடுவதில் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. டாக்டர் 40 சதவீத ஊனம் என்றால் வருமான இழப்பும் 40 சதவீதம் என்று சில இடத்தில் போட்டார்கள். 2010ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு, அதனால் அவர் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. ஒரு கை போனாலும் ஆபீஸ் குமாஸ்தா வேலையில் தொடரலாம். டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். அடுத்த வருஷம் பெங்களூர்க் கூலித் தொழிலாளி ஒருவர் வழக்கு. மாசம் 4,500 சம்பாதிக்கிறேன் என்றார் அவர். ஆதாரம் எங்கே என்று கீழே 3,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். கூலிக்காரர் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார், அவர் சொன்ன தொகை நம்பும்படிதான் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 4,500ஐயே ஏற்றது. நம்ம பக்கம் கூலிக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டிய தீர்ப்பு இது.

வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண்ணை 2009ல் ஒரே அட்டவணையாகத் தந்தார்கள். 41 முதல் 45 வயதுக்கு 14. ஒரு பேச்சுக்கு, நம்மவருக்கு மாச வருமானம் 12,000 என்றும், பிழைப்பில் பாதி போயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. பதினாலால் பெருக்கினால் 20,16,000. அதில் பாதி 10,08,000. சொந்தத் தொழில் செய்பவர் 40க்கும் 50க்கும் இடையில் இருந்தால், எதிர்கால உயர்வுக்காக வருமானத்தோடு 25 சதவீதம் சேர்க்கவேண்டும் என்பது 2017 தீர்ப்பு. சேர்த்தால் 12,60,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் கூலி, வட்டி எல்லாம் தனி. கோர்ட்டு இதை அப்படியே கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊனம் எவ்வளவு என்று இன்னும் மதிப்பிடவே இல்லை, அது குறையலாம். ஆனால் 40,000 எங்கே, இது எங்கே?

அவருடைய எக்ஸ்எல்லுக்கு இன்சூரன்ஸ் முடிந்து ஆறு மாசம் ஆகிவிட்டது. அதனால் கேஸ் நிற்காது என்று பயமுறுத்தினார்களாம். அதற்கு அபராதம் கட்டவேண்டி வரலாம், அது வேறு. டிப்பர் பின்னால் வந்து இடித்ததற்கு டிப்பரின் பாலிசிதான் பதில் சொல்லும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: நீங்களே வழுக்கி விழுந்தால் உங்கள் வண்டிக்கு நீங்கள் மூன்றாம் ஆள் இல்லை. அதற்குத்தான் ஓட்டுபவர் சொந்த விபத்துக் காப்பீடு, 2018 முதல் 15 லட்சம். வண்டி வாங்கும்போது அதை வேண்டாம் என்று தள்ளாதீர்கள்.

புதிதாக வந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பு. தப்பு யார்மேல் என்று பார்க்காமல் வாங்குவது என்றால் சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி கிடைக்கவே இல்லை என்றால் அரசு நிதியிலிருந்து 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும். கூடவே ஒரு முள்ளும் வைத்தார்கள்: விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள் மனு கொடுக்கவேண்டும். 1994ல் எடுத்துவிட்ட காலக்கெடுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. வழக்கு இருக்கிறது என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். சிகிச்சைக்கு நம்ம மாநிலத்தில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, முதல் 48 மணி நேரம். ஆரம்பிக்கும்போது ஒரு லட்சம் வரை என்றார்கள். 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை என்று திட்டம் அறிவித்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்.

நம்ம ரோடு இப்போது தேசிய நெடுஞ்சாலை 844. அகலமாகிவிட்டது. கூடவே பக்கத்தில் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரி, ஷிஃப்ட் பஸ், கன்டெய்னர், டிப்பர். முன்னே நாளைக்கு எத்தனை லாரி என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எண்ணுவார்கள், நான் அதட்டுவேன். இப்போது எண்ணி முடியாது.

அந்த வெற்று பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. எஃப்.ஐ.ஆர். நகல், டிப்பரின் ஆர்.சி., பாலிசி நம்பர் மூன்றும் வாங்கியாயிற்று. வருமானத்துக்கு ஆதாரம் என்னவென்று வக்கீல் கேட்டார். பால் சொசைட்டி பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாலாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்தபடியே தேதி, லிட்டர், தொகை என்று தானும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறாராம். அதையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ஓசூர் போகிறோம்.

அன்று காலை ஆறே முக்கால் மணிவாக்கில் அந்த டீக்கடைத் திருப்பத்தில் நின்றிருந்தவர்கள் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது இருப்பீர்கள். ஒரு ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நாலு பையன்கள் என்று அவர் சொல்கிறார், முகம் ஞாபகம் இல்லையாம். யாரென்று தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். சாட்சி சொல்ல வந்தால் பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்